மிதிவெடியின் முப்பதாவது ஆண்டு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை எங்கள் அணியில் வைத்தியர்களான நால்வர் சேர்ந்தே யோசித்தோம். மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். செயற்குழு எங்களுக்குத் தந்த தலைப்பு 'இன்றைய உலகில் பாதுகாப்பு'. வைத்தியர்களிடம் இதைக் கேட்கிறார்களே என்று முதலில் திகைத்தோம். நீரிழிவு பற்றிப் பேசச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து அதற்கு ஆயத்தமாக இருந்தோம். பரவாயில்லை, பேச்சு முடிவதற்குள் நீரிழிவும் வந்து சேரும்.

பாதுகாப்பு என்றவுடன் ஏவுகணை, அணுகுண்டு, ட்ரோன், இணையவழித் தாக்குதல் என்று பெரிய பொருட்களே முன்னால் வருகின்றன. அவற்றைப் பற்றிப் பேசும் அறிவு எங்களிடம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். அது மிதிவெடி.

1997 ஆம் ஆண்டு நாங்கள் உயர்தர வகுப்புக்கு வந்த காலம். அந்த ஆண்டு ஜனவரியில் இளவரசி டயானா அங்கோலாவின் ஹுவாம்போ நகரில் காப்புக் கவசம் அணிந்து மிதிவெடி வயலொன்றின் ஊடாக நடந்தார். அந்தப் படம் வெளிவந்த பத்திரிகை வகுப்பில் கைமாறி வந்தபோது பின்வாங்கிலிருந்து ஒருத்தி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "இவ எங்கட ஊருக்கு வந்தா விடிய எழும்பினதில இருந்து உந்த உடுப்போடதான் நிக்கோணும்." ரீச்சரும் சேர்ந்து சிரித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் ஒஸ்லோவில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தின் வாசகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. டிசெம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் நாடுகள் கையெழுத்திட்டன. அதற்காக உழைத்த சர்வதேச இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1999 மார்ச் 1 ஆம் திகதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. எல்லாக் கண்ணிவெடிகளையும் அது தடை செய்யவில்லை. வாகனங்களுக்கு எதிரான கண்ணிவெடியை அது தொடவில்லை. ஒரு படைவீரர் பார்த்துக்கொண்டிருந்து தானே இயக்கும் வெடியையும் அது விட்டுவிடுகிறது. மிதிப்பவர் யாரென்று பார்க்க ஒருவரும் இல்லாமல், மனிதரின் காலோ கையோ பட்டவுடன் தானாக வெடிப்பதை மட்டுமே தடுக்கிறது. சேர்ந்த நாடு தன் கையிருப்பை நான்கு ஆண்டுகளுக்குள் அழிக்க வேண்டும். தன் நிலத்தில் புதைந்திருப்பவற்றைப் பத்து ஆண்டுகளுக்குள் அகற்ற வேண்டும். காயப்பட்டவர்களுக்கு உதவும் பொறுப்பையும் அதில் எழுதி வைத்தார்கள். ஆயுதத் தடை ஒப்பந்தமொன்றில் அப்படி எழுதியது அதுவே முதல் தடவை. 160க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் சேரவில்லை.

கால் நூற்றாண்டாக ஒரு நாடுகூட அதிலிருந்து விலகவில்லை. 2025 இல் அது மாறியது. யூன் 27 ஆம் திகதி எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றும் விலகல் அறிவித்தலை ஐக்கிய நாடுகள் சபையிடம் கையளித்தன. யூலையில் பின்லாந்து, ஓகஸ்டில் போலந்து. அறிவித்து ஆறு மாதத்தில் விலகல் செல்லுபடியாகும். உக்ரேன் வேறு வழியை எடுத்தது. போர் நடக்கும்போது ஒரு நாடு விலகினால், போர் முடியும்வரை அந்த விலகல் செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆகவே 'இடைநிறுத்துகிறோம்' என்று உக்ரேன் அறிவித்தது. ஒப்பந்தத்தில் அப்படியொரு வாசகமே கிடையாது.

இந்த நாடுகளை நோக்கி விரல் நீட்டுவது எங்கள் நோக்கமில்லை. பின்லாந்துக்கு ரஷ்யாவுடன் ஏறத்தாழ 1,340 கிலோமீற்றர் எல்லை. 1939 இல் சோவியத் படை அந்த எல்லையைத் தாண்டி வந்தது. அடுத்த ஆண்டே பால்டிக் நாடுகள் மூன்றும் விழுங்கப்பட்டு, மீண்டும் வெளியே வர அரை நூற்றாண்டு ஆனது. பின்லாந்து 2012 இல் ஒப்பந்தத்தில் சேர்ந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மிதிவெடிகளை நேர்மையாக அழித்த நாடு. பக்கத்து நாடு இந்த ஒப்பந்தத்தில் இல்லாமல் உக்ரேன் மண்ணில் மிதிவெடியை விதைத்துத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு அவர்களால் எப்படி நித்திரை கொள்ள முடியும்? 2023 கோடையில் உக்ரேன் படைகள் முன்னேற முயன்றபோது ரஷ்யக் கண்ணிவெடி வயல்கள் அவர்களை எப்படி முடக்கின என்பதை உலகமே பார்த்தது. மிதிவெடியால் படைக்குப் பயனே இல்லை என்று சொன்னால் அது பொய். பயந்து வாழ்வது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். பயந்தவர்களுக்கு உபதேசம் செய்ய எங்களுக்கு வாய் வராது.

ஆனால் அவர்கள் போடும் கணக்கில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பகுதி இல்லை. ஒரு மிதிவெடியின் விலை சில டொலர்கள். எதிரியை அது இத்தனை மணித்தியாலம் தாமதப்படுத்தும். இவ்வளவோடு பாதுகாப்பு அமைச்சின் கொப்பி மூடப்படுகிறது. வைத்தியசாலையின் கொப்பி அதற்குப் பிறகுதான் திறக்கப்படுகிறது.

மருத்துவ பீடத்தில் படிக்கும்போதே இதைக் கற்றோம், புத்தகத்தில் குறைவாகவும் விடுதியில் கூடுதலாகவும். பல மிதிவெடிகளில் இருப்பது சில பத்துக் கிராம் வெடிமருந்துதான். ஆளைக் கொல்வதற்கு அது போதாமல் இருப்பது தவறுதலாக அல்ல. செத்தவரை விட்டுவிட்டுப் போகலாம். காயப்பட்டவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அவர்களும் போரிலிருந்து கழிவார்கள். வெடிக்கும்போது பாதம் சிதறுவது எல்லோருக்கும் கண்ணில் படும். கண்ணில் படாத ஒன்றும் நடக்கிறது. மண், புல், செருப்புத் துண்டு, பாத எலும்புச் சிதறல் எல்லாம் தசைகளுக்கு நடுவே கீழிருந்து மேலாகச் செலுத்தப்படும். அந்தக் கணத்தில் தசைகள் குடை விரிவதுபோல் விரிந்து, மறுபடி சுருங்கி மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் கணுக்காலோடு போய்விட்டது போலிருக்கும். உள்ளே முழங்கால்வரை அழுக்கு ஏறியிருக்கும். ஆகவே வெட்ட வேண்டிய இடம் எப்போதும் நாம் நினைத்ததைவிட மேலே. புண்ணை உடனே தைத்தும் விடக்கூடாது. திறந்து விட்டு, நான்கைந்து நாள் கழித்துத்தான் மூட வேண்டும். அவசரப்பட்டுத் தைத்தால் உள்ளே அழுகிப்போகும். துவக்குச் சூட்டுக் காயத்தைவிட இரத்தமும் கூடத் தேவைப்படும். வீதி மூடப்பட்ட ஊரில், மின்சாரம் இல்லாத ஊரில், இரத்தம் எங்கிருந்து வருவது?

சிறு பிள்ளையானால் இன்னும் ஒன்று. வெட்டிய இடத்தில் எலும்பு வளரும். அதற்கு ஈடாகத் தோல் வளராது. சில காலத்தில் எலும்பு நுனி தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். மறுபடி வெட்ட வேண்டும்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டோம். சொல்லலாம் என்று அவர் அனுமதித்ததை மட்டும் சொல்கிறோம். எங்கள் வயதுக்காரி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து எல்லோரும் ஒரே இரவில் நடந்தோமே, அந்த நடையில் அவரும் இருந்தார். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு திரும்பி வந்தார். வீட்டுக்குப் பின்னால் வடலிப் பக்கம் விறகு பொறுக்கப் போனார். இடது கால். அப்போது வயது பதினைந்து. பத்தொன்பது வயதுக்குள் இன்னும் இரண்டு தடவை வெட்டினார்கள். கலியாணம் செய்தார், இரண்டு பிள்ளைகள், தையல் வேலை. இப்போது போட்டிருப்பது அவருடைய கணக்கில் பதினோராவது செயற்கைக் கால். முதலாவது ஜெய்ப்பூர் கால். இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேதியும் உருவாக்கிய றப்பர்ப் பாதம். சப்பாத்து இல்லாமல் சேற்றிலும் நடக்கலாம், சம்மணம் கட்டி இருக்கலாம். எங்கள் நாட்டில் எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியது அது.

அவர் எங்களிடம் வந்தது காலுக்காக அல்ல. நீரிழிவு கிளினிக்குக்கு வந்தார். சொன்னோமல்லவா, நீரிழிவு வந்து சேரும் என்று. முப்பது ஆண்டுகளாக ஒற்றைக் கால் இரண்டு காலின் பாரத்தைத் தாங்கியதில் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. நடை குறைந்து உடம்பு வைத்தது. உடம்பு வைக்கச் சீனி ஏறியது. இப்போது வலது பாதத்தின் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். இப்படியான புண்ணுக்கு நாங்கள் வழமையாகச் சொல்லும் முதல் மருந்து, அந்தக் காலை ஊன்றாதீர்கள் என்பது. அவரிடம் அதைச் சொல்ல வாய் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். ஊன்றாவிட்டால் எதில் நிற்பது? அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே சொன்னார்: "ஒரு காலோட கணக்குத் தீர்ந்துது எண்டு நினைச்சன் டொக்டர். இப்ப மற்றதும் கேக்குது."

புண் இன்னும் ஆறவில்லை. கிழமைக்கு ஒரு தடவை வருகிறார். கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அந்தக் காலைக் காப்பாற்றிவிடுவோம் என்று இந்த மேடையில் வாக்குக் கொடுக்க எங்களால் முடியாது.

எங்கள் கிளினிக்குகளில் இவர் தனி ஆள் அல்ல. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கால் இழந்த ஒரு தலைமுறை இப்போது நாற்பதையும் ஐம்பதையும் கடக்கிறது. மூட்டுத் தேய்வு, நாரி நோ, இரத்த அழுத்தம், உடம்பு கூடிக் குறையும்போதெல்லாம் பொருந்தாமல் போகும் செயற்கைக் கால். மிதிவெடி தன் முப்பதாவது ஆண்டில் செய்யும் வேலை இது. இதைக் கணக்கெடுக்க எந்தப் பாதுகாப்பு அமைச்சிலும் ஆளில்லை.

'எங்கள் மிதிவெடி வேறு' என்று ஐரோப்பாவில் சொல்கிறார்கள். வரைபடம் வைத்திருப்போம், வேலி அடைப்போம், குறித்த காலத்தில் தானாகச் செயலிழக்கும் வகையைப் பாவிப்போம். அவர்கள் மனதார இதைச் சொல்கிறார்கள் என்றே நம்புகிறோம். அமைதியான நாளில், அளந்து, எண் போட்டுப் புதைத்தால் அப்படியே நடக்கவும் கூடும். ஆனால் மிதிவெடி புதைக்கப்படுவது பெரும்பாலும் அப்படியான நாளில் அல்ல. இரவில், மழையில், பின்வாங்கும் அவசரத்தில். புதைத்தவர் மறுநாள் உயிரோடு இருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

முகமாலையை நினைத்துப் பாருங்கள். 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பிறகு நாகர்கோவில், முகமாலை, கிளாலி என்று ஒரு கோடு விழுந்தது. 2009 தொடக்கம்வரை முன்னும் பின்னும் நகர்ந்த அந்தக் கோட்டில், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு புதிய வரிசை புதைக்கப்பட்டது. 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது மருத்துவ பீட மாணவிகளாக பஸ்ஸில் போனோம். தலை இழந்த பனைகளும், இரு பக்கமும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளும். வீதியை விட்டு ஓரடி இறங்கவும் அனுமதியில்லை. அந்த மண்ணில் வெள்ளம் வரும், மணல் நகரும். கடதாசியில் இருக்கும் புள்ளி அங்கேயே இருக்கும், மிதிவெடி இருக்காது. வேலிக் கம்பியும் தகரப் பலகையும் ஏழை வீட்டுக்குப் பயன்படும் பொருட்கள். எத்தனை நாளைக்கு நிற்கும்? தானாகச் செயலிழக்கும் வகையிலும் ஒரு பங்கு பழுதாகும். எது பழுதானது என்று மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எல்லாவற்றையும் உயிருள்ளதாக எண்ணித்தான் முழங்காலில் இருந்து கிளற வேண்டும்.

அப்படி முழங்காலில் இருந்து கிளறியவர்களில் பலர் எங்கள் பெண்கள். கணவனை இழந்தவர்கள், வீட்டுக்கு ஒரே உழைப்பாளிகள். வெயிலில் கவசமும் முகமறைப்பும் அணிந்து ஒரு நாளில் சில சதுர மீற்றர். அவர்கள் எடுத்தவற்றில் பாகிஸ்தான் தயாரிப்பும் சீனத் தயாரிப்பும் இருந்தன. மரப்பெட்டிக்குள் செய்யப்பட்ட 'ஜொனி'யும் இருந்தது. இதைச் சொல்லும்போது எங்களுக்குள்ளேயே சிலருக்கு மனம் சுளிக்கும். எங்கள் பிள்ளைகள் செய்து புதைத்ததும் எங்கள் பிள்ளைகளின் காலைத்தான் எடுத்தது. அவர்களும் பாதுகாப்புக்காகவே புதைத்தார்கள். எதிரே முகாமைச் சுற்றிப் புதைத்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பின்லாந்து இன்று சொல்லும் சொல்லும் அதுதான்.

எங்கள் நாடு 2017 டிசெம்பரில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நல்ல காரியம். போர் முடிந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் சேர்வது சுலபம் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பயம் இல்லாத காலத்தில் எல்லோருக்கும் சத்தியம் செய்ய வரும். அந்த வகையில் நோர்வேயை நாங்கள் கவனித்துப் பார்க்கிறோம். அதற்கும் ரஷ்யாவுடன் 198 கிலோமீற்றர் எல்லை உண்டு. அதுவும் அதே நேட்டோவில் இருக்கிறது. ஆனாலும் ஒப்பந்தத்தில் தொடர்வோம் என்று சொல்லியிருக்கிறது. அதே பயத்துக்கு வேறு பதிலும் உண்டு என்பதற்கு எங்களுக்கு அந்த ஓர் உதாரணம் போதும். வாகனக் கண்ணிவெடி ஏற்கனவே அனுமதிக்கப்பட்டது. பீரங்கியும் ட்ரோனும் இருக்கின்றன. இவற்றுக்கு மேலே மனிதக் காலுக்கான வெடி எவ்வளவு பாதுகாப்பைக் கூட்டும், அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் கிளற வேண்டும் என்பதை அந்த நாட்டு மக்கள் கேட்க வேண்டும். உலகில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் எஞ்சிய குண்டுகளாலும் இறந்தும் காயப்பட்டும் போனவர்கள் குறைந்தது 5,757 பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சாதாரண மக்கள்.

பணக்கார நாடுகளின் மனம் மாறுவது எங்களையும் தொடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் மிதிவெடி அகற்றும் வேலைகளும் நின்றுபோயின. எங்கள் நாட்டுக்கு விதிக்கப்பட்ட கெடு 2028 யூன். புதைப்பதற்குக் காசு தேடும் நாடுகள், வேறு ஊரில் கிளறுவதற்கு எவ்வளவு காலம் காசு தருவார்கள் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது.

பின்லாந்திலும் போலந்திலும் பால்டிக் நாடுகளிலும் வாக்குரிமையோடு இருக்கும் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியாது. ஒருத்தி இருந்தாலும் போதும். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாதம் வேண்டாம், உங்கள் ஊரில் கண்டதை எழுதுங்கள். மொழிபெயர்ப்பும் மருத்துவ விளக்கமும் தேவையென்றால் நாங்கள் நால்வரும் உதவுவோம்.

அடுத்தது சின்ன விஷயம். செயற்கைக் காலுக்குள் அணியும் பருத்தி உறை இருக்கிறதே, அது எங்கள் வெயிலில் ஒரே நாளில் நனைந்துவிடும். மாற்றி அணியாவிட்டால் தோல் அவிந்து புண்ணாகும். ஆளுக்கு ஆறு சோடியாவது கையிருப்பில் வேண்டும். பெரும்பாலானவர்களிடம் இரண்டுதான் இருக்கிறது. எங்கள் அணி கடந்த ஆண்டு இதைச் சேர்க்கத் தொடங்கியது. பருத்தியாக இருக்கட்டும், நைலோன் வேண்டாம். தையல் விளிம்பு இல்லாததாக இருந்தால் நல்லது. மூன்று அளவுகளும் தேவை, நடுத்தர அளவு கூடுதலாகத் தேவை. வாசலில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் மாதிரி வைத்திருக்கிறோம். போகும்போது தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.